இல்லாத முக்கோணம்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலிருந்த அந்த அக்காவிடம் மட்டும் யாரும் பேச்சுக்குக்கூட எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும்.

காலேஜ் முடிகிற வருஷம், பிரிவு உபசார விழாவுக்காக அம்மாவின் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்தேன். பார்த்தவர்களெல்லாம் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்கள். அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தார். "எப்டிக்கா இருக்கு?" என்றேன். குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் என்னைப் பார்த்தார்.

"பொடவ நல்லா இருக்கு. ஒனக்கு நல்லா இல்ல. ப்ளவுஸு தோள்ல நிக்கல பாரு. உள்ள வா, ஊக்கு குத்தி விடறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஊக்குக் குத்தி, மடிப்பைப் பிரித்துத் திரும்ப வைத்து, ரெண்டடி பின்னால் போய் நின்று பார்த்து, "இப்ப நல்லா இருக்கு" என்றார். அன்று முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன் என்றால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். மற்றவர்கள் சொன்னதெல்லாம் காலேஜ் கேட்டைத் தாண்டுவதற்குள் மறந்துபோயிற்று.

அவர் பெண்ணாடத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அப்பாவுக்குக் கரும்புச் சாகுபடி. பி.எஸ்ஸி. கணக்கு கடைசிப் பரீட்சை எழுதின கையோடு கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, வீட்டில் மாமியார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.

சுனாமி வந்த மார்கழியில் உப்பனாற்றுத் தண்ணீர் ஏறி எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. தாழ்வான சில வீடுகளுக்குள் புகுந்தது. மற்ற வீடுகளில் படியோடு நின்றுவிட்டது. கொஞ்ச நாள் கழித்து நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் 'வீட்டுக்குள்ள வந்துச்சு' என்றே சொல்வது என்று தெருவில் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். என் அம்மா முழங்காலைத் தொட்டுக் காண்பித்து, "இது வரைக்கும் சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் வீட்டு நிலைப்படியில் போட்ட கோலம்கூடக் கலையவில்லை.

அக்கா வீட்டு முறை வந்தது. வந்தவர் எழுதிக்கொண்டே, "உள்ள எவ்ளோ ஒசரம் வந்துது?" என்று கேட்டார்.

"உள்ள வரல சார். படி வரைக்கும்தான் வந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்கா வீட்டுப் படியைப் பார்த்தார். அப்புறம் அதே உயரத்தில் இருந்த மற்ற வீட்டுப் படிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுதினதில் பாதியை அங்கேயே அடித்தார்.

அன்று சாயந்திரம் தெருவே அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியது. அம்மாவும் கத்தினாள். மாமா வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒன்ன யாரு கேட்டா?" என்றார்.

"அவுருதான் கேட்டாரு" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். சிரித்தேனே தவிர, எனக்கும் அன்றைக்கு அக்கா மேல் கோபம்தான். இப்படி ஒருவர் நாலு வீடு தள்ளி இருப்பது பெருமைதான். கூடவே இருப்பவர்களுக்கு அது எப்போது எந்தப் பக்கம் இடிக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த வாரமோ அடுத்த வாரமோதான், தெருவில் பாதிப் பேர் அவரோடு பேசாமல் இருந்த சமயத்தில், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாராம். சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு வகுப்பு நடக்கிறதாம். மாமா ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் ரெண்டு கண்டிஷன் போட்டிருக்கிறார். ஒன்று, தனியாகப் போகக் கூடாது. இன்னொன்று, எழுதுவது ஒரு தடவைதான்.

"கெடச்சா நானே காலேஜுல கொண்டு போயி விடறேன்னாரு. கொழந்தய எங்க மாமியா பாத்துக்கும். கெடைக்கலன்னா அப்பறம் இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாதுன்னாரு" என்று அக்கா சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நியாயமாகப் பேசி முடித்த ஒரு விஷயத்தைப் போலத்தான் சொன்னார். "செல்விய என் கூட அனுப்புவீங்களா?" என்று என்னைக் காட்டி அம்மாவிடம் கேட்டார்.

நான் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். மேலே படிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலிருந்து தப்பிக்கலாம், சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிடலாம். எனக்கு அது போதும். அம்மா என்ன நினைத்தாளோ, கோபத்தை வைத்துக்கொண்டே சரி என்றாள். எனக்கும் விண்ணப்பம் வாங்கிப் போட்டது அக்காதான். "துணைக்கு வந்துட்டு வெளியில மரத்தடியில எதுக்குக் குந்தியிருக்கணும்? நீயும் உள்ள வந்து எழுது" என்றார்.

இப்படித்தான் நான் அந்தப் பரீட்சைக்குள் வந்தேன்.

காலை பாசஞ்சரில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று சிதம்பரம் போகும். அந்த நேரம் முழுக்கக் கணக்குதான். எனக்கு அல்ஜீப்ரா என்றாலே வேர்க்கும். 'எக்ஸ்' என்று எழுதியதுமே கை நின்றுவிடும். அக்கா மடியில் கைடை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் அடியில் கோடு இழுத்து, "என்னா கேக்குறான்? அத மொதல்ல சொல்லு" என்பார். நான் விடையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினால் விட மாட்டார். "சரியா வந்துச்சு. ஏன் சரியா வந்துச்சு?" என்பார். ஏன் என்று தெரியாவிட்டால் அவருக்கு அது வராத மாதிரிதான்.

ஒருநாள் வயதுக் கணக்கு. அப்பாவின் வயது மகன் வயதைப்போல ரெண்டு மடங்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று மடங்கு. இப்போது வயது என்ன? நான் எப்படியோ போட்டு, மகனுக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு இருபத்து நாலு என்று கொண்டுவந்தேன். கைடின் பின்பக்கம் பார்த்தேன். சரி. அக்காவும் போட்டு முடித்துவிட்டு அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, பன்னெண்டு வயசுல ஒருத்தனுக்குப் புள்ள பொறக்குமா?"

"கணக்குதானக்கா."

"கணக்குன்னா என்ன வேணா சொல்லிடலாமா?"

எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "என்னாடி அது?" என்று விசாரித்தார். சொன்னதும் புகையிலையைத் துப்பிவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கைடின் ஓரத்தில் பென்சிலால் 'இருக்க முடியாது' என்று எழுதி வைத்தார்.

வகுப்பு மேலவீதியில் ஒரு மாடியில் நடந்தது. எடுத்தவர் சின்ன வயதுக்காரர், சுறுசுறுப்பு. அவருடைய வித்தையெல்லாம் குறுக்கு வழிதான். "முழுசாப் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. எக்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. நாலு விடையில எது ஒத்து வருதோ அந்த வட்டத்தக் கருப்படிச்சுட்டு ஓடிக்கிட்டே இருங்க" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் கணக்கு பிடிக்க ஆரம்பித்தது. அக்கா எழுந்து நின்றார்.

"ஒண்ணு போட்டா வருது சார். ரெண்டு போட்டாலும் வரும்னு எப்டித் தெரியும்?"

"நுழைவுத் தேர்வுக்கு இது போதும்மா."

"எனக்குப் போதல சார்."

பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "நீங்க பரீட்சை எழுத வந்தீங்களா, கணக்கு போட வந்தீங்களா?" என்று கேட்டார். அக்கா அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தார். "ரெண்டுக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்து கீழவீதியில் ஒரு கடையில் சாப்பிடுவோம். அங்கேயும் கடைக்காரர் வழக்கமாகக் கேட்பதுபோல், "கொத்சு எப்டிம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். "புளி ஜாஸ்தியாயிடுச்சுங்க இன்னைக்கு" என்றார் அக்கா. அடுத்த வாரம் போனபோது கடைக்காரர் தானே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அக்கா தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். அந்த ஆளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சை முடிகிற வரை எங்களுக்கு ரெண்டாம் தடவை கொத்சு கேட்காமலே வரும்.

பரீட்சை வைகாசியில், சிதம்பரத்திலேயே. அக்காவும் நானும் வேறு வேறு அறை. நான் குறுக்கு வழிகளை முணுமுணுத்துக்கொண்டே வேகமாகப் போனேன். தெரியாததற்கெல்லாம் தோன்றியதைக் கருப்படித்தேன். நடுவில் ஒரு ஜியாமெட்ரி கேள்வி. ஒரு செங்கோண முக்கோணம், கர்ணம் இருபது, செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குப் போட்ட உயரம் பன்னிரண்டு. பரப்பளவு என்ன? பெருக்கினேன், இருநூற்று நாற்பது. விடைகளில் அது இருந்தது. கருப்படித்துவிட்டு ஓடினேன்.

மணி அடித்து வெளியே வந்தபோது அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. கையில் கேள்வித்தாள். வெளியே எடுத்துவர அனுமதி உண்டு.

"அந்த முக்கோணம் பாத்தியா?" என்றார்.

"எந்த முக்கோணம்?"

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஹேர்பின்னைக் கழற்றி மண்ணில் வரைந்தார். "இதான் கர்ணம், இருபது. இத விட்டமா வெச்சு அரவட்டம் போடு. செங்கோண மொன இந்த வட்டத்து மேலதான் வந்து நிக்கும், வேற எங்கியும் நிக்காது. விட்டம் இருபதுன்னா ஆரம் பத்து. வட்டத்தோட உச்சியே பத்துதான். அப்பறம் ஒசரம் பன்னெண்டு எப்டி வரும்?"

பார்த்தேன். வராதுதான். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி மண்ணில் கிடந்தது.

"அப்படி ஒரு முக்கோணமே இல்லடி" என்றார். "நீ என்ன போட்ட?"

"எரநூத்தி நாப்பது."

"பாதியாக்கவே மறந்துட்டியா? கேள்வி எடுத்தவன் நெனச்ச பதில் நூத்தி இருபது." ஒரு கணம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நீங்க என்னக்கா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"ஏன்க்கா? நூத்தி இருபதுன்னு அவன் நெனச்சிருப்பான்னு தெரியுதுல்ல?"

"இல்லாத முக்கோணத்துக்கு என்னாடி பரப்பளவு?"

பிறகுதான் கேட்டேன், எவ்வளவு நேரம் அதிலேயே இருந்தீர்கள் என்று. தெரியவில்லை என்றார். தான்தான் எங்கோ தப்பு செய்கிறோம் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தபோது நேரம் போய்விட்டிருந்தது. கடைசிப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

ரயிலில் திரும்பினோம். கிள்ளை தாண்டியதும், "கடேசிப் பக்கம் எல்லாம் சுளுவா?" என்று கேட்டார். சுளுவாகத்தான் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கவனமில்லக்கா" என்றேன்.

அடுத்த வாரம் விடைப் பட்டியல் வெளியானது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தோம். அந்தக் கேள்விக்கு நூற்று இருபது என்றே இருந்தது. எனக்கு அது தப்பு. தப்புக்குக் கால் மார்க் கழிப்பார்கள். அக்கா அன்றைக்கே படம் போட்டு, ஏன் அப்படி ஒரு முக்கோணம் இருக்க முடியாது என்று ஒரே பக்கத்தில் எழுதித் தேர்வு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். தபாலாபீசுக்குத் துணைக்கு நான்.

"ஒங்களுக்கு இதுல என்னக்கா? நீங்கதான் எதுவுமே போடலியே."

"தப்பா இருக்குல்ல?" என்றார்.

பதில் அவருக்கு வரவில்லை, அறிவிப்பாக வந்தது. அந்தக் கேள்வி பிழையானது என்று ஏற்கப்படுகிறது. அதற்கு எந்த விடையைக் குறித்திருந்தாலும் முழு மதிப்பெண். எதையும் குறிக்காதவர்களுக்கு இல்லை.

அதைச் சொல்ல அக்காதான் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "ஒத்துக்கிட்டாங்கடி!" அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஒனக்கு ஒண்ணேகால் மார்க் ஏறுது பாரு" என்று என் தோளைத் தட்டினார். அந்த வரியின் கடைசிப் பாகம் தனக்கு என்ன செய்கிறது என்று அந்த நேரத்தில் அவர் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. நான் நினைத்தேன்.

ரேங்க் வந்தது. ஒரே மார்க்குக்குள் பல நூறு பேர் நிற்கிற இடம் அது. நான் அரசாங்கக் காலேஜ் கிடைக்கிற வரிசையின் ஓரத்தில் வந்து நின்றேன். அக்கா எனக்குச் சற்றே பின்னால். அந்தச் சற்று தூரத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள். அவர் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியது எங்கோ தெற்கே தனியார் காலேஜ். அது மாமாவால் ஆகிற காரியமில்லை.

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. அம்மா கொடுத்தனுப்பிய கேசரியோடு போய் நின்றேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே அடுப்படியில். மாமா என்னை உட்காரச் சொன்னார்.

"ஏம்மா செல்வி, நெஜமா சொல்லு. அந்தக் கேள்விக்கு இவ ஏதாச்சும் ஒண்ண, கண்ண மூடிக்கிட்டுக் கருப்படிச்சிருந்தா கெடச்சிருக்குமா?"

ரேங்கைப் பார்த்ததும் நான் முதலில் போட்டுப் பார்த்தது அதைத்தான். கிடைத்திருக்கும். எனக்குப் பக்கத்திலேயே வந்திருப்பார், ஒருவேளை எனக்கு முன்னாலேயேகூட.

"இல்ல மாமா. ஒரு மார்க்குல என்ன ஆயிடப் போவுது? கெடச்சிருக்காது" என்றேன். மாமா முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கெடச்சிருக்கும்" என்றார்.

மாமா அவரையே பார்த்தார். அடுப்பில் எதுவோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை. மாமா, "சரி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என் கையிலிருந்து கேசரிக் கிண்ணத்தை வாங்கி, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். "நெய் கொறச்சல். ஆனா நல்லா இருக்கு" என்றார்.

கவுன்சிலிங்குக்குச் சென்னை போக வேண்டும். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது என்கிற மாதிரி பயம். அக்கா தானே, "நான் துணைக்குப் போறேன்" என்றார். மாமாவும் தடை சொல்லவில்லை.

பெரிய மண்டபம், முன்னால் திரை. ஒவ்வொருவராகக் கூப்பிடக் கூப்பிடத் திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. என் முறை நெருங்க நெருங்க எனக்கு உட்கார முடியவில்லை.

"அக்கா, நான் வேணான்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

நிஜமாகவே கேட்டேனா, அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்டேனா, இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை.

அவர் வழக்கம்போல யோசித்தார். "நீ விட்டா எனக்கு வராது. நடுவுல எவ்ளோ பேரு இருக்காங்க. யாரோ ஒருத்தருக்குப் போவும். எடுத்துக்க" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

நான் செய்த தப்பு என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குள் இறங்கிய அந்த 'அப்பாடா' இருக்கிறதே, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, பசிக்குது" என்றார்.

படித்தேன். படித்த சென்னையிலேயே வேலையும் கிடைத்தது. முதல் வருஷம் அக்காவுக்கு ரெண்டு மூன்று கடிதம் போட்டேன். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வந்தால் ஸ்டேஷன் பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அந்த வழியில் அவர் வீடு வராது. மற்ற யாராக இருந்தாலும், 'என் மேல ஏதும் மனசுல வெச்சிருக்கீங்களா?' என்று கேட்டுவிடலாம். 'சீ, போடி, என்னா பேச்சு இது' என்று சொல்வார்கள். அதோடு முடிந்துவிடும். அக்காவிடம் கேட்டால் பதில் வரும்.

அவரைப் பற்றி அம்மா சொல்லித்தான் தெரியும். தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தார். மாமா போட்ட கண்டிஷன் எம்.சி.ஏ.வுக்குத்தான், கணக்குக்கு இல்லை என்று சொல்லி அனுமதி வாங்கினாராம். கடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிற வேலை. வருகிறவர்களிடம், "இந்த ரூமுக்கு இவ்ளோ பெட்டி வேணாங்க, மிஞ்சும்" என்று சொல்லிச் சொல்லி முதலாளி ஒருதரம் வேலையை விட்டே நிறுத்திவிட்டார். ஆட்கள் வந்து, "அந்தம்மா இல்லியா, அப்பறம் வரோம்" என்று திரும்பிப் போனதும் அவரே வந்து கூட்டிப் போனார்.

தானே புயல் அடித்து ஊரே மொட்டையாகக் கிடந்த சமயம். எங்கள் வீட்டு ஓடெல்லாம் போய்விட்டது. அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தேன். கரண்டு இல்லை. சந்தில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டிருந்ததால் தெரு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அக்கா வீட்டு வாசலில் மாமா கூரைத் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"வாம்மா. ஒன்னப் பாத்தே வருஷம் ஆச்சு" என்றார். உள்ளே திரும்பி, "இந்தா, யாரு வந்துருக்கா பாரு" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் உதவிக்கு நின்றவரிடம், "இந்தப் பொண்ணும் அவளும்தான் ஒண்ணா எழுதுனாங்க. எம் பொண்டாட்டி எழுதிப் போட்டுத்தான் கவர்மெண்டு அந்தக் கேள்வியவே தூக்குச்சு" என்றார். ஐஸ் கம்பெனியில் பல பேர் கேட்ட கதை போலிருக்கிறது. அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே தகரத்தைப் பிடித்தார்.

அக்கா ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். என் வேலையைப் பற்றிக் கேட்டார், என்ன செய்கிறேன் என்று புரிகிற வரைக்கும் கேட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது.

"அக்கா, என் மேல கோவம் இருந்துச்சா?"

அவர் ஒரு துணியை உதறினார். மெதுவாக அதைக் கொடியில் போட்டு ஓரங்களை இழுத்துவிட்டார்.

"இருந்துச்சு" என்றார். "நீ ஒண்ணும் செய்யலன்னு தெரியும். தெரிஞ்சும் இருந்துச்சு. ஒன் லெட்டரு வந்தா ஒடனே பிரிக்க மாட்டேன். அலமாரி மேல கெடக்கும்."

"இப்ப?"

"இப்ப ஜாஸ்தி இல்ல." இன்னொரு துணியை எடுத்தார். "கொஞ்சம் இருக்கு."

என் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ஏன் இந்தப் பக்கமே வரல?" என்று கேட்டார். "நான் எதுனா சொன்னனா?"

"இல்லக்கா. ஒங்களப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

"ம். இருக்கும்" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மாமா ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா எங்கள் அம்மாவின் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றி உட்காரவைத்தார். முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பொய் சொன்ன என் அம்மா, அவர் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தாள். நான் படியில் கால் வைத்தபோது அக்கா கேட்டார்:

"மறுபடி வருவியா?"

'கண்டிப்பா வருவேன்க்கா' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஓடு போன வீடு, அம்மா இல்லாத தெரு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி. ஏறு, எடம் போயிடப் போவுது" என்றார்.

பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தார். அதற்கப்புறம் நான் போகவில்லை.